குட்டீஸோடு கேபிஆர் பூங்காவுக்குப் போகிறீர்களா?

ஹைதராபாத் ஜூபிலி ஹில்ஸ், பஞ்சாரா ஹில்ஸ் பகுதிக்கு நடுவே சுமார் 390 ஏக்கரில் விரிந்திருக்கிறது காசு பிரம்மானந்த ரெட்டி தேசியப் பூங்கா. 1998-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தக் காட்டைக் குழந்தைகள் முழுதாக ரசிக்கச் சில யோசனைகள்:

* காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். வெயில் ஏறுவதற்குள் மயில்களைப் பார்க்கலாம். நடுப்பகலில் பூங்கா மூடியிருக்கும். நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள்.

* செருப்பு வேண்டாம், ஷூ போட்டுவிடுங்கள். முள், எறும்பு, பாம்பு எல்லாம் உள்ள இடம். புதருக்குள்ளும் பாறை இடுக்கிலும் கையை விட அனுமதிக்காதீர்கள்.

* வீட்டிலேயே சாப்பிட வைத்து அழைத்துச் செல்லுங்கள். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் போதும். பறவைகளுக்குத் தீனி போட வேண்டாம். அவற்றுக்குக் காடே சோறு போடும்.

* குயில் கூவும், மயில் அகவும் என்று சொல்லிக்கொடுத்து, இரண்டு நிமிடம் கண்ணை மூடி நிற்கச் சொல்லுங்கள். எத்தனை குரல் கேட்டது என்று எண்ணட்டும்.

* வழியில் உள்ள கருங்கல் பாறையைத் தொட்டுப் பார்க்கட்டும். இந்த நகரத்துப் பாறைகளுக்குச் சுமார் 250 கோடி வயது என்றால் கண்கள் விரியும்!

* கீழே கிடக்கும் இறகு, விதை, கூழாங்கல் எதையும் எடுத்து வராதீர்கள். வீட்டுக்கு வந்ததும் படம் வரையச் சொல்லுங்கள். காடு காட்டிலேயே இருக்கட்டும். அதன் நினைவு குழந்தையோடு வளரட்டும்.