நின்ற பிறகும் சுடும் உலை

அன்புள்ள யாழினிக்கு,

கரண்ட் போனாலும் கூடங்குளம் உலையைக் காற்றே ஆற்றிவிடுமாமே, நம்பலாமா என்று கேட்டிருக்கிறாய். நம்பலாம், ஆனால் எதை நம்புகிறோம் என்று தெரிந்து நம்பு.

அணு உலையை நிறுத்தச் சில விநாடி போதும். சூடு அதோடு நிற்காது. எரிபொருளில் சேர்ந்துபோன கதிரியக்கப் பொருட்கள் சிதைந்து வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். நிறுத்தின கணத்தில் அது முழுத்திறனில் 6, 7 சதவீதம். கூடங்குளத்தில் ஓர் உலையின் வெப்பத்திறன் 3,000 மெகாவாட். கணக்குப் போட்டால் 200 மெகாவாட்டை ஒட்டி வரும். இதை வெளியேற்றப் பம்பு வேண்டும், பம்புக்குக் கரண்ட் வேண்டும். சிக்கலே அங்கேதான்.

இட்லிப் பானையின் மூடியில் ஆவி பட்டு நீராகிச் சொட்டுமே, கூடங்குளத்தின் ஏற்பாடும் அதுதான். ஆவி குழாய்வழியே மேலேறி, வெளிக்காற்று படும் குழாய்களில் குளிர்ந்து நீராகித் தன் எடையாலேயே கீழே இறங்குகிறது. சூடேறிய காற்று மேலே போக, குளிர்காற்று கீழிருந்து தானாக உள்ளே வரும். பம்புக்கு வேலையே இல்லை. இதைத்தான் பாஸிவ் கூலிங் என்கிறார்கள்.

ஜப்பானில் ஃபுகுஷிமாவின் 1-ஆம் உலையிலும் இதன் அண்ணன் ஒன்று இருந்தது. ஆவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடும் குழாயில் குளிரவைக்கும் அமைப்பு. 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்த சில நிமிடங்களில் தானாகவே இயங்கவும் தொடங்கியது. உலை வேகமாகக் குளிர்கிறதே என்று, விதிப்படி, ஊழியர்கள் வால்வை மூடினார்கள். பிறகு திறந்து திறந்து மூடினார்கள். சுனாமி வந்தபோது அது மூடியிருந்தது. போதாக்குறைக்கு, கட்டுப்பாட்டு மின்சாரம் அறுந்தால் குழாய் உடைந்ததாகக் கொண்டு வால்வுகளை மூடும்படி சுற்றை அமைத்திருந்தார்கள். அவசரகால மையத்தில் இருந்தவர்களோ அந்த அமைப்பு ஓடுகிறது என்றே பல மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றிரவே எரிபொருள் உருகத் தொடங்கிவிட்டது. புவியீர்ப்பு கைவிடவில்லை, வால்வுதான் கைவிட்டது.

கூடங்குளத்தில் காற்றுவழிக் கதவுகள் இதற்கு நேரெதிர்: கரண்ட் போனால் திறந்துகொள்ளும். என் கணக்கில் அந்த உயரமான குழாய்களைவிட இந்தச் சின்ன ஏற்பாடே பெரிய பாதுகாப்பு.

நீ பொறியியல் படிக்கப்போகிறவள். எந்த உலையைப் பற்றிப் பாடம் நடந்தாலும் கையைத் தூக்கிக் கேள்: கரண்ட் போனால் அந்த வால்வு திறந்து நிற்குமா, மூடி நிற்குமா?

அன்புடன்,
சித்தப்பா