விண்டோஸ் திறக்க மறுத்தால்... ஃபார்மட் செய்ய அவசரப்படாதீர்கள்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலமும் பரவியது நினைவிருக்கும். படகு, வலை எல்லாவற்றிலும் கரிய எண்ணெய். எண்ணூரில் மீன்பிடித் தொழில் செய்யும் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர், சேதத்தை மொபைலில் படம் எடுத்து, மகனின் விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தார். போனில் இடமில்லை என்று அதிலிருந்து அழித்தும் விட்டார். மறு வாரம் மின்சாரம் வந்து வந்து போனதில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஆன் செய்தால் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று வரும். பிறகு 'சரி செய்ய முடியவில்லை' என்ற நீலத்திரை. கடையில் கேட்டதற்கு ஃபார்மட் செய்யத்தான் வேண்டும் என்றார்களாம்.

"தம்பி, கம்ப்யூட்டர் போனா போகட்டும். நிவாரணம் கேக்க அந்தப் படம் மட்டும் வேணும்பா" என்றார். திருவொற்றியூரிலிருந்து பென் டிரைவுடன் கிளம்பினேன். அங்கே செய்ததை வரிசையாகத் தருகிறேன்.

முதலில் ஃபைல்களைக் காப்பாற்றுங்கள்

நீலத்திரையில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ட்ரபிள்ஷூட், மீண்டும் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் ப்ராம்ப்ட் என்று செல்லுங்கள். இத்திரையே வராவிட்டால் விண்டோஸ் இன்ஸ்டலேஷன் பென் டிரைவில் பூட் செய்து 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' தேர்ந்தெடுங்கள். பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கும்.

கறுப்புத் திரையில் 'நோட்பேட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். அதில் ஃபைல், ஓபன் சென்று, கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என மாற்றினால் எல்லா டிரைவ்களும் தெரியும். வேண்டிய ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி செய்து, பென் டிரைவில் பேஸ்ட் செய்யுங்கள். எவ்வளவு முடிந்தது என்று இங்கே காட்டாது, பொறுமை தேவை. படங்கள் பென் டிரைவில் வந்த பிறகுதான் அண்ணன் டீ சொன்னார்!

விண்டோஸ் எந்த டிரைவில் இருக்கிறது என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான சி டிரைவ், இங்கே டி ஆக மாறியிருக்கலாம்.

பிறகு பழுது

விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, லாக்ஃபைல்ஸ், எஸ்.ஆர்.டி. என்று சென்று 'எஸ்ஆர்டிடிரெய்ல்' என்ற டெக்ஸ்ட் ஃபைலை நோட்பேடில் திறந்தேன். பூட் ஆகத் தேவையான டிரைவர் ஃபைல் ஒன்று கெட்டுவிட்டது என்று அதில் எழுதியிருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் இப்படி நேரலாம்.

1. நோட்பேடை மூடிவிட்டு, செக் டிஸ்க் கட்டளை: 'சிஎச்கேடிஎஸ்கே சி: /எஃப்'. இது டிஸ்க்கின் ஃபைல் அட்டவணையைச் சீராக்கும்.

2. அடுத்து சிஸ்டம் ஃபைல் செக்கர்: 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் /ஆஃப்பூட்டிர்=சி:\ /ஆஃப்விண்டிர்=சி:\விண்டோஸ்'. கெட்ட ஃபைலுக்குப் பதில், விண்டோஸ் தன்னிடம் சேமித்து வைத்துள்ள நல்ல பிரதியை வைக்கும்.

கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில், சாய்வுக்கோட்டுக்கு முன் இடைவெளி விட்டு டைப் செய்யுங்கள். சி என்ற இடத்தில் உங்கள் டிரைவ் எழுத்தைத் தாருங்கள். ரீஸ்டார்ட் செய்தேன், விண்டோஸ் திறந்தது.

கவனம்: ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' சத்தம் வந்தால் இந்தக் கட்டளைகளைத் தராதீர்கள். அது ஃபைல் கோளாறு அல்ல, டிஸ்க்கே போகிறது என்று பொருள்.

ரெஜிஸ்ட்ரி கெட்டிருந்தால்? எக்ஸ்பி காலத்தில் 'ரிப்பேர்' ஃபோல்டரிலிருந்து பழைய பிரதியை எடுத்து வைப்போம். விண்டோஸ் 10, 1803 பதிப்பு முதல் 'ரெக்பேக்' ஃபோல்டரில் பிரதிகள் தானாகச் சேமிக்கப்படுவதில்லை. அங்குள்ள பூஜ்ய அளவு ஃபைல்களை காப்பி செய்து ஏமாறாதீர்கள். சிஸ்டம் ரீஸ்டோரை முயலுங்கள்.

பெரிய இடங்களும் இதற்குத் தப்பவில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட் ஃபைலால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தந்தார்கள். அங்கும் பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டராகச் சென்று, சேஃப் மோடில் அந்த ஃபைலை நீக்கித்தான் சரிசெய்தார்கள்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11லும் வழிமுறை இதுவே. ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கி வையுங்கள். முக்கியமான படங்களுக்கு இரண்டாவது பிரதி இல்லாமல் போனிலிருந்து அழிக்காதீர்கள்.