பேட்டரியின் மேல் எழுதிய எண்

நம்பிக்கை: 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) இன்வெர்ட்டர் பேட்டரி 15 ஆம்பியர் வீதம் 10 மணி நேரமும், 50 ஆம்பியர் வீதம் 3 மணி நேரமும் மின்சாரம் கொடுக்கும்.

உண்மை: வாய்ப்பாட்டுக்கு ஒத்துவரும் இந்தக் கணக்குக்கு ஈயத் தகடும் கந்தக அமிலமும் கட்டுப்படுவதில்லை. அந்த எண்ணின் அருகிலேயே, சாமான்யமாக எவரும் கவனியாத சிறிய எழுத்தில் 'சி20' என்று அச்சிட்டிருக்கும். பூரணமாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரியிலிருந்து, 27 டிகிரி உஷ்ணத்தில், 7.5 ஆம்பியர் வீதம் நிதானமாக எடுத்துக்கொண்டே போனால், அது 10.5 வோல்ட்டுக்கு இறங்க 20 மணி நேரம் ஆகும் என்பதே அதன் தாத்பரியம். அவசரமாக எடுக்கும்போதோ, தகட்டின் நுண்துவாரங்களில் உள்ள அமிலம் செலவழிந்து, வெளியிலுள்ள அமிலம் உள்ளே புகுந்து அதை ஈடுசெய்ய அவகாசம் கிடையாமற் போவதால், தகட்டில் சரக்கு மிஞ்சியிருக்கும்போதே வோல்டேஜ் சரிந்துவிடுகிறது. ஜெர்மானியரான பாய்கெர்ட் 1897-ஆம் ஆண்டிலேயே இதைச் சூத்திரமாக வகுத்துவிட்டார்.

நான்கு மின்விசிறிகளும் சில விளக்குகளுமாக 360 வாட் செலவாகும் வீட்டில், இன்வெர்ட்டரின் நஷ்டத்தையும் கூட்டினால், பேட்டரி சுமார் 37 ஆம்பியர் கொடுத்தாக வேண்டும். நான்கு மணி நேரத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்துக்குப் புதுப் பேட்டரியிலேயே ஏறத்தாழ மூன்று மணி நேரந்தான் கிடைக்கிறது. பேட்டரி பழுதென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது நியாயமன்று. விற்கும்போதே இதை எடுத்துச் சொல்லாமல் விடுவதும் நியாயமன்று என்பதே என் அபிப்பிராயம். சோலாருக்கென்று விற்கும் பேட்டரிகளில் பெரும்பாலும் 'சி10' என்றிருக்கும். 15 ஆம்பியர் வீதம் 10 மணி நேரம் தாங்குவது அந்த 150 ஏ.எச்.தான். ஆகவே எண் ஒன்றாயிருப்பினும் இரண்டும் ஒரே சரக்கல்ல. விலையை ஒப்பிடுமுன் இதைக் கேட்டறிவது அவசியம்.

நம்பிக்கை: இரண்டு பேட்டரிகளைத் தொடராகச் சேர்த்தால் 300 ஏ.எச். ஆகிவிடும்.

உண்மை: ஆகாது. வோல்ட் 24 ஆகும், ஏ.எச். 150-ஆகவே நிற்கும். இரட்டிப்பாவது சக்தி, ஏ.எச்.ஸை வோல்ட்டால் பெருக்கினால் வரும் வாட்-மணி, 1,800-லிருந்து 3,600 ஆகிறது.

நம்பிக்கை: 10,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) பவர் பேங்க், 5,000 எம்.ஏ.எச். செல்போனை இரண்டு தடவை நிரப்பும்.

உண்மை: 10,000 என்பது உள்ளிருக்கும் 3.7 வோல்ட் செல்லின் அளவு; அதாவது 37 வாட்-மணி. அதை 5 வோல்ட்டாக உயர்த்துவதிலும், போனுக்குள் மறுபடி தாழ்த்துவதிலும் ஒரு பகுதி உஷ்ணமாக விரயமாகிறது. போன் கேட்பதோ ஒரு தடவைக்குச் சுமார் 19 வாட்-மணி. எனவே ஒன்றரைத் தடவைக்குச் சற்று மேல் நிரம்பினாலே அந்தப் பவர் பேங்க் நல்ல சரக்குதான்.