கரிசலில் களாச்செடி

களாச்செடியை வெயில் கொல்லாது, மழைதான் கொல்லும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் தோட்டம் போடுகிறவர் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதைத்தான். பங்குனியில் பாளம் பாளமாக வெடிக்கிற அதே கரிசல், ஐப்பசி அடைமழையில் தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் நாள்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும். வேர் அழுகிவிடும். மற்றபடி, எந்நாளும் பச்சை, குட்டைப் புதர், மல்லிகை போல வெள்ளைப் பூ, புளிக்கும் காய் எல்லாம் நம் களாவில் இருக்கிறது.

ஆடி, ஆவணியில் கறுத்துப் பழுத்த பழத்திலிருந்து விதை எடுங்கள். கழுவி, நிழலில் உலர்த்தி, உடனே பையில் ஊன்றிவிட வேண்டும். நாளாக ஆக முளைப்பு குறையும். மெதுவாக வளரும் செடி. ஒரு வருடம் பையிலேயே இருக்கட்டும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் கன்று கிடைக்குமா என்று விசாரித்துப் பாருங்கள்.

அடுத்த புரட்டாசியில், பெருமழைக்கு முன் நடவு. செவல் நிலமென்றால் ஒன்றரை அடிக் குழி போதும். கரிசலில் குழி வெட்டவே வெட்டாதீர்கள். பொலபொலவென்று மண்ணை நிரப்பிய குழி அங்கே தண்ணீர்த் தொட்டியாகிவிடும். தரையைக் கொத்திவிட்டு, செம்மண்ணும் சரளையும் மக்கிய எருவும் கலந்து, ஒன்றரை அடி உயரம், மூன்றடி அகலத்துக்கு மேடு கட்டி, அதன் உச்சியில் கன்றை வையுங்கள். மேட்டைச் சுற்றி மழைத்தண்ணீர் வடிய ஓர் ஓடை. வேலிக்கு வைத்தால் மூன்றடிக்கு ஒன்று. காய்க்காகத் தனிச்செடி என்றால் எட்டடி. முள் பொல்லாதது. நடைபாதை ஓரம் வேண்டாம்.

இளங்கொழுந்தை ஆடு விடாது. வெட்டிப்போட்ட வேலிக்கருவை முள்ளையே முதல் வருடம் சுற்றி வையுங்கள். அந்த மரத்தால் இப்படியும் ஓர் உபகாரம்! தை முடிந்ததும் பருத்திமாரையோ சோளத்தட்டையையோ மேட்டின்மேல் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல். மண் வெடித்து வேர் அறுபடாது. முதல் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர், அடுத்த கோடையில் பதினைந்து நாளைக்கு ஒரு குடம். பிறகு மழையே பார்த்துக்கொள்ளும்.

குட்டையாக வைத்துக்கொள்ள முழங்கால் உயரத்தில் நுனியைக் கிள்ளிவிடுங்கள். காய்ப்புக்கு வந்த பிறகு கவாத்து புரட்டாசியில் மட்டும்தான். தை, மாசியில் கத்தரித்தால் பூவும் சேர்ந்து போய்விடும். வெட்டிய இடத்தில் பால் வடிந்து பிசினாக ஒட்டும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வருடம் காய் பார்க்கலாம். ஊறுகாய்க்கென்றால் பழுக்கும் முன்பே பறித்துவிடுங்கள்.