தலை பின்னுற நேரத்தை விட்டுடாதீங்க

"அக்கா, பிள்ளைங்களோட உட்கார்ந்து பேச நேரமே கிடைக்கலையே!" வேலைக்குப் போற தங்கச்சிங்க பலரும் என்கிட்ட புலம்புறது இதுதான். புதுசா நேரத்துக்கு எங்கே போவீங்க? ஏற்கெனவே பிள்ளைங்களுக்காகப் போற நேரத்தையே கொஞ்சம் நிதானமா வெச்சுக்கிட்டா போதும். எங்க வீட்டுல ரெண்டும் பொண்ணு. பெரியவ நாலாங்கிளாஸ், சின்னவ யூகேஜி. நாங்க மனசுவிட்டுப் பேசுறது பெரும்பாலும் காலையில தலை பின்னும்போதுதான்.

முகத்தைப் பார்த்து "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?"ன்னு கேட்டா, "ஒண்ணுமில்லம்மா"ன்னு ஓடிடுவாங்க. அதே பொண்ணு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலையை நம்ம கையில கொடுத்துட்டா, நாம கேக்காமலே கதை வரும். யார் கா விட்டா, பென்சில் பாக்ஸை யார் ஒளிச்சு வெச்சா, மிஸ் யாரைத் திட்டினாங்க, எல்லாம் வரும். நம்ம முகம் போற போக்கு அவளுக்குத் தெரியாது, அதுதான் வசதி. நம்ம ரெண்டு கையும் ஜடையில மாட்டிக்கிறதால செல்போனையும் எடுக்க முடியாது!

அந்த நேரத்துல சும்மா 'ம்' கொட்டுங்க. கதை முடியறதுக்குள்ள "நீ என்னடி பண்ணினே?"ன்னு விசாரணை கமிஷன் வெச்சீங்கன்னா, அடுத்த நாள்லேர்ந்து கதை நின்னுடும். புத்தி சொல்ல வேண்டியிருந்தா சாயந்திரம் சொல்லிக்கலாம், ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது.

இதுக்குக் காலையில இழுபறி இல்லாம இருக்கணும். அதனால சிக்கு எடுக்கிற வேலையை ராத்திரியே முடிச்சிடுங்க. நுனியிலேர்ந்து ஆரம்பிச்சு மேலே போங்க. உச்சியிலேர்ந்து இழுத்தா முடியும் உடையும், பிள்ளையும் அழும். ஈரத் தலையில சீப்பு வைக்காம, விரலால கோதிவிட்டுக் காய வைங்க. ஸ்கூல்ல ரெட்டை ஜடை மடிச்சுக் கட்டச் சொல்றாங்கன்னு நெத்தி தோல் இழுபடற அளவுக்கு இறுக்கிப் பின்னாதீங்க. நாள்பட நாள்பட முன்நெத்தி முடி உதிர ஆரம்பிச்சிடும்.

பேன் வந்தா ஊரே கேக்கிற மாதிரி கத்தாதீங்க. சுத்தமில்லாததால வர்றதில்ல அது, தலையோட தலை ஒட்டி விளையாடினா யாருக்கும் வரும். கண்டிஷனர் தடவி, ஈரமா இருக்கும்போதே பேன் சீப்பால வாரி எடுங்க. (இதுக்கு மட்டும் ஈரத்துல சீப்பு வைக்கலாம்.) ஈர் பொரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால ஒரு நாள் வாரினதோட விடாம, மூணு நாலு நாளைக்கு ஒரு தடவைன்னு ரெண்டு வாரம் தொடர்ந்து வாருங்க.

ஞாயித்துக்கிழமை தலை பின்னுற வேலையை அப்பாகிட்ட விட்டுடுங்க. வகிடு கோணலாத்தான் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும், பக்கத்துல நின்னு திருத்தாதீங்க. 'அம்மாவுக்கு ஒத்தாசை'ன்னு அவரைக் கூப்பிடாம, முழுசா ஒரு வேலையை அவர் பொறுப்புல விட்டாத்தான் பிள்ளைங்களுக்கும் அப்பாவுக்கும் நடுவுல தனிப் பேச்சுன்னு ஒண்ணு வளரும்.

சின்னவளைக் குளிக்க வைக்கிற நேரமும் இப்படித்தான். உடம்பு உறுப்புகளுக்குக் கூச்சப்படாம பேர் சொல்லிக் கொடுங்க. "இங்கெல்லாம் யாரும் தொடக் கூடாது, தொட்டா என்கிட்ட சொல்லணும், நான் திட்ட மாட்டேன்"னு சோப்புப் போட்டுக்கிட்டே சாதாரணமாச் சொல்லிடலாம். வீட்டுக்கு வர்ற மாமாவா இருந்தாலும், தாத்தாவா இருந்தாலும், பிள்ளைக்குப் பிடிக்கலைன்னா "போய் முத்தம் கொடு"ன்னு தள்ளாதீங்க. சொந்தக்காரங்க முகம் சுளிப்பாங்க, சுளிக்கட்டும். "அம்மாகிட்ட சொல்லாதே"ன்னு யார் சொன்னாலும் அதை முதல்ல அம்மாகிட்டதான் சொல்லணும்னு பழக்குங்க. நம்ம போன் நம்பரோட 1098-ஐயும் மனப்பாடம் பண்ண வைங்க. குழந்தைகளுக்கான இலவச உதவி எண் அது, ராத்திரியிலயும் எடுப்பாங்க.

அடுத்தது என் வயித்தெரிச்சல். "நீ பெரியவதானே, விட்டுக்கொடேன்." நானும் வீட்டுக்கு மூத்தவ. இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சவ. ஒன்பது வயசு ஒண்ணும் பெரிய வயசில்ல. தங்கச்சிக்குச் சாப்பாடு ஊட்டு, ஷூ மாட்டிவிடு, அழாம பார்த்துக்கோன்னு எல்லாத்தையும் அவ தலையில கட்டினா, அவளுக்குத் தங்கச்சி மேல பாசம் வராது, எரிச்சல்தான் வரும். பொம்மை யாருதோ அவதான் கொடுக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும். அடிக்கடி பெரியவளை மட்டும் தனியாக் கூட்டிக்கிட்டுக் காய்கறிக் கடைக்குப் போங்க. வெண்டைக்காய் நுனியை உடைச்சுப் பார்க்கச் சொல்லுங்க, 'டக்'னு உடைஞ்சா பிஞ்சு. மீதிச் சில்லறையை அவளையே எண்ணி வாங்கச் சொல்லுங்க. தங்கச்சி இல்லாத அந்த நேரத்துல அவ மறுபடி குழந்தையாகிறதைப் பார்க்கலாம்.

ரெண்டு பேரையும் சேர்த்து உட்கார வைக்க எனக்குக் கைகொடுக்கிறது பல்லாங்குழி. பலகை இல்லையா? தரையில சாக்பீஸால ரெண்டு வரிசை போட்டு, வரிசைக்கு ஏழு வட்டம் வரைஞ்சுக்கங்க. வட்டத்துக்கு அஞ்சு புளியங்கொட்டை. ஒரு வட்டத்துல இருக்கிறதை அள்ளி, அடுத்தடுத்த வட்டத்துல ஒண்ணொண்ணாப் போட்டுக்கிட்டே போகணும். எதுலயாவது நாலு சேர்ந்தா அது 'பசு', அந்தப் பக்கத்துக்காரங்க எடுத்துக்கலாம். "பசு! பசு!"ன்னு சின்னவ போடுற கூச்சல்ல, நாலு வரைக்கும் எண்ணுறது தானா வந்துடும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுல மட்டும் ஆட்டம் முடிஞ்சதும் கொட்டையை எண்ணி எடுத்து வைங்க. வாயிலயோ மூக்கிலயோ போட்டுக்கும்.

காசு விஷயம் ஒண்ணு. செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பொண்ணுக்கு 10 வயசு ஆகிறதுக்குள்ள ஆரம்பிச்சுடணும். வருஷத்துக்குக் குறைஞ்சது 250 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம். 15 வருஷம் கட்டணும், 21 வருஷத்துல முதிரும். 18 வயசானதும் மேற்படிப்புக்குப் பாதி வரைக்கும் எடுத்துக்கலாம். போஸ்ட் ஆபீசுக்குப் போகும்போது பொண்ணையும் கூட்டிக்கிட்டுப் போய், பாஸ்புக்ல அவ பேரைக் காட்டுங்க. "உன் கல்யாணத்துக்கு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, "நீ படிக்கிறதுக்கு"ன்னு சொல்லுங்க.

ஊர் சுத்தப் பெரிய செலவு வேண்டாம். சென்னையில இருக்கீங்கன்னா மார்ச், ஏப்ரல் சாயந்திரங்கள்ல பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போங்க. பங்குனி ஆமை முட்டைகளைச் சேகரிச்சு வெச்சுப் பாதுகாத்து, பொரிஞ்சதும் குஞ்சுகளைக் கடல்ல விடுவாங்க. மாணவர்களும் தன்னார்வலர்களும் 1988-லேர்ந்து செய்யுற வேலை இது. உள்ளங்கையில அடங்குற கறுப்புக் குஞ்சு, துடுப்புகளை அடிச்சுக்கிட்டு ஈர மணல்ல நகரும். ஒரு அலை வந்து புரட்டிப் போட்டாலும் நிமிர்ந்து மறுபடி கடலைப் பார்த்தே போகும். எல்லா நாளும் குஞ்சு பொரியாது, விசாரிச்சுட்டுக் கிளம்புங்க. வெளிச்சம் பட்டா திசை மாறிப் போயிடும், அதனால டார்ச், செல்போன் ஃபிளாஷ் எதுவும் கூடாது. சின்னவங்களுக்கு மாத்து டிரஸ் ஒண்ணு பையில இருக்கட்டும். நனையாம திரும்பின பிள்ளையை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல.