மணி காட்டும் கருவியும் மதிப்புக் காட்டும் கருவியும்

பொழுதை அறியும் தேவை நம் இல்லங்களுக்குப் புதிதன்று. ஞாயிறு மறையுமுன் உணவு கொள்ளல் வேண்டும். வடிகட்டிய நீருக்கு இரு நாழிகை, அதாவது 48 நிமிடம், எல்லையுண்டு. ஆதலின் கடிகாரம் நம் வீட்டிற்குள் பயன்படு பொருளாகவே நுழைந்தது. இன்றோ சட்டைப்பையிலுள்ள கைப்பேசியே நொடி பிசகாமல் மணி காட்டுகிறது. அங்ஙனமிருக்க, பல இலட்சம் ரூபாய் விலையுள்ளதும், நாள்தோறும் சில நொடிகள் முந்தியோ பிந்தியோ ஓடுவதுமான கைக்கடிகாரத்தை ஆடவர் பலர் விரும்பி அணிவது ஏன்? இக்கேள்விக்கு விடை அக்கடிகாரத்தின் வரலாற்றிலேயே உள்ளது.

முதற்கண் ஒன்றைக் கூறுதல் வேண்டும். ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் மணிக்கட்டில் கடிகாரம் அணிந்தோர் பெண்டிரே. அது வளையலோடு சேர்ந்த அணிகலன். ஆடவர் சங்கிலி கோத்த கடிகாரத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தனர். கையில் கட்டுவதை இழிவாகவும் கருதினர். 1914-இல் தொடங்கிய முதல் உலகப்போர் இதனை மாற்றியது. பதுங்கு குழியில் துப்பாக்கி ஏந்திய வீரன் பையைத் துழாவி மணி பார்க்க இயலாது. போர் முடிந்து திரும்பியவர்கள் கையிற் கட்டிய கடிகாரத்தோடு திரும்பினர். பெண்மையின் அடையாளம் எனப்பட்டது சில ஆண்டுகளில் ஆண்மையின் அடையாளமாயிற்று. பொருள் மாறவில்லை, அதைப்பற்றிய எண்ணமே மாறியது.

அவ்வெண்ணத்தை வளர்க்கத் தெரிந்தவர் ரோலெக்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப். 1905-இல் இலண்டனில் வாணிகம் தொடங்கிய இவர், 1926-இல் நீர் புகாத கடிகாரத்தை வெளியிட்டார். மறு ஆண்டு ஆங்கிலக் கால்வாயில் நீந்திய மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்னும் மங்கை அதனைக் கழுத்தில் அணிந்து கடலில் இறங்கினார். குளிரின் கடுமையால் அந்நீச்சல் நிறைவேறவில்லை. கடிகாரமோ பழுதின்றி ஓடியது. உடனே நாளிதழின் முதற்பக்கம் முழுவதும் விளம்பரம் வந்தது. பிறர் செய்த அருஞ்செயலின் பெருமையை, அக்கடிகாரத்தைப் பணம் கொடுத்து வாங்குவோர் தம் கையில் ஏற்றிக்கொள்ளலாம் என்னும் வழி இவ்வாறு திறந்தது.

இனி இதன் உள்ளமைப்பைச் சிறிது நோக்குவோம். சாவி கொடுக்கும்போது சுருள்வில் இறுகுகிறது. அது அவிழும் விசை பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. அவ்விசை ஒரேயடியாகத் தீர்ந்துவிடாமல், முன்னும் பின்னும் ஆடும் ஒரு சிறு சக்கரம் தடுத்துத் தடுத்து விடுகிறது. இக்காலக் கடிகாரங்கள் பலவற்றில் இவ்வாட்டம் மணிக்கு 28,800 முறை. சுவிட்சர்லாந்தின் தரச்சான்று பெறும் கடிகாரமும் ஒரு நாளைக்கு 4 நொடி பிந்தலாம், அல்லது 6 நொடி முந்தலாம். மனிதக் கைகளின் திறத்திற்கு இது வியக்கத்தக்க சான்று என்பதில் ஐயமில்லை.

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சைகோ நிறுவனம் குவார்ட்ஸ் படிகத்தால் இயங்கும் முதற் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. பிழை, மாதத்திற்கு 5 நொடியே. விலை 4,50,000 யென்; அக்காலத்தில் ஒரு சிறு மோட்டார் வண்டி வாங்கும் தொகை. அன்று துல்லியமே ஆடம்பரமாக இருந்தது. பத்தாண்டுகளில் துல்லியம் மலிந்தது. 1970-இல் சுமார் 90,000 பேர் உழைத்த சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1980-களின் நடுவில் 30,000 பேருக்குச் சற்று மேற்பட்டோரே எஞ்சினர். மலைக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாய் இத்தொழில் செய்த குடும்பங்கள் வேறு வேலை தேடின.

எஞ்சியவர்கள் செய்தது சிந்திக்கத்தக்கது. மணி காட்டுவதில் படிகத்தோடு போட்டியிட முடியாதென உணர்ந்து, பழைமையையும் கைவினையையும் அருமையையும் விற்கத் தொடங்கினர். 1972-இலேயே ஓடமார் பிகே நிறுவனம் எஃகினாலான கடிகாரத்திற்குப் பொற்கடிகாரத்திற்கு ஒத்த விலை வைத்துப் பார்த்தது. எஃகு பொன்னாயிற்று! பின்னாளில் தட்டுப்பாடே விலையாயிற்று. கடையில் பணத்தோடு நின்றாலும் கிடைக்காது. பெயரைப் பதிந்து காத்திருத்தல் வேண்டும். 2021-இல் பதேக் பிலிப் வெளியிட்ட நீல முகமுடைய எஃகுக் கடிகாரத்தின் கடைவிலை ஏறத்தாழ 52,000 டாலர். அவ்வரிசையில் ஒன்று அவ்வாண்டு டிசம்பரில் நடந்த அறக்கொடை ஏலத்தில் 65 இலட்சம் டாலருக்குச் சென்றது.

அமெரிக்க நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் கடிகாரம் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. கார்ப் பந்தயத்தில் ஈடுபட்ட அவருக்குக் கவனமாக ஓட்டும்படி பின்புறத்தில் பொறித்து மனைவி அளித்த பரிசு அது. அவ்வகைக் கடிகாரம் அக்காலத்தில் கடைகளில் எளிதில் விலைபோகவில்லை. 1984-இல் மணி கேட்டபோது தம்மிடம் கடிகாரமில்லை என்ற ஓர் இளைஞரிடம், மகளின் நண்பர் அவர், நியூமன் அதனைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். நாள்தோறும் சாவி கொடுத்தால் நன்றாக ஓடும் என்பதே அவர் சொன்ன குறிப்பு. 2017-இல் நியூயார்க் ஏலத்தில் அதன் விலை 1 கோடியே 77 இலட்சம் டாலரைத் தாண்டியது. கொடுத்தவர் அதனை மணி காட்டும் கருவியாகவே கொடுத்தார். வாங்கியவர் வாங்கியது வேறொன்று.

செருக்கு எட்டனுள் செல்வச் செருக்கும் ஒன்றென நம் நூல்கள் எண்ணும். மற்றச் செருக்குகள் பேச்சிலும் நடையிலும் வெளிப்படும். இதற்கு ஒரு பொருள் வேண்டும், அதைப் பிறர் காணவும் வேண்டும். பொருள் வரைதல் என்னும் அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார் நிலம், பொன், ஆடை என வரம்பு கட்டும்போது கைக்கடிகாரத்தை எப்பிரிவில் வைப்பது? மணி பார்க்க ஒன்று என்றால் கருவி. பெட்டியில் ஐந்து கிடந்தால் அது பொன்னோடு எண்ணத்தக்கது என்பதே எம் கருத்து.

நம் திருமணங்களையும் இங்கே நினைத்தல் தகும். மோதிரமும் கடிகாரமும் மாப்பிள்ளைக்குப் பெண்வீட்டார் அளிக்கும் வழக்கம் பழகியதே. முன்னர் எச்.எம்.டி. போதுமாயிருந்தது, பின்னர் ஓசூரில் உருவான டைட்டன் வந்தது. இன்று வெளிநாட்டுப் பெயரைக் குறிப்பிட்டே கேட்போர் இருப்பதாக அறிகிறோம். மாப்பிள்ளையின் மணிக்கட்டில் மின்னுவது பெண்ணின் தந்தை மாதாமாதம் கட்டும் வட்டி என்பதைப் பந்தலில் யாரும் அறியார். கேட்கும் வீட்டார் பெரும்பாலும் கொடியவர் அல்லர். உறவினர் முன் குறைவாகத் தோன்றலாகாதே என்னும் அச்சமே கேட்க வைக்கிறது. கொடுக்கும் வீட்டாரை வாய்மூட வைப்பதும் அதே அச்சம். திருமணப் பேச்சின்போதே பெரியவர்கள் கடிகாரம் வேண்டா எனச் சொல்லிவிட்டால் இரு வீட்டாரும் விடுபடுவர்.

பரணில் பாட்டனாரின் எச்.எம்.டி. ஜனதா கிடந்தால் எடுத்துப் பாருங்கள். 17 கற்கள், சுருள்வில், ஆடும் சக்கரம், மணிக்கு 18,000 அசைவு. இலட்சங்கள் பெறும் சுவிஸ் கடிகாரம் இயங்கும் அதே முறை. 2016-இல் அக்கடிகாரத் தொழிலை மூட மத்திய அரசு முடிவு செய்தது. ஆயினும் பழைய கடிகாரங்களைப் பிரித்து எண்ணெயிட்டு ஓடச்செய்யும் முதியவர்கள் கடைத்தெருக்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர்.