அடிஷாம் பங்களா கற்பித்த பாடம்

கடந்த விடுமுறையில் வாப்பாவுடன் அப்புத்தளைக்குச் சென்றேன். நகருக்கு அண்மையில், தங்கமலை வனத்தையொட்டி நிற்கிறது அடிஷாம் பங்களா. மூடுபனி விலகக் கற்சுவர் தெரிந்ததும், "கோட்டை!" என்றேன். மேசன் தொழில் செய்யும் வாப்பா சிரித்தார்.

"கோட்டையா, வீடா எண்டு யன்னலப் பாத்துச் சொல்லுங்க மகள்."

அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

இதனைக் கட்டுவித்தவர் சேர் தோமஸ் வில்லியர்ஸ். இலங்கையில் தோட்டத்துரையாகவும் வணிகராகவும் விளங்கிய இவர், 1931 இல் எழுந்த இவ்வீட்டுக்கு இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்திலுள்ள அடிஷாம் கிராமத்தின் பெயரைச் சூட்டினார். அம்மாவட்டத்தின் லீட்ஸ் கோட்டையே இதற்கு முன்மாதிரி. 1960களிலிருந்து இது பெனடிக்ற் சபைத் துறவியரின் மடமாக உள்ளது.

லீட்ஸ் கோட்டையைச் சூழ ஏரி உண்டு. பகைவரைத் தடுக்க அது உதவியது. அடிஷாமைச் சூழ இருப்பதோ பூந்தோட்டம். அம்பு எய்யும் துவாரங்களுக்குப் பதிலாக, வெளிச்சம் புகும் உயர்ந்த யன்னல்கள். ஆகவே தோற்றம் கோட்டை, பயன் வீடு.

யன்னல்கள் ஏன் ஒடுங்கியுள்ளன? வாப்பா விளக்கினார். கல் பாரத்தை நன்கு தாங்கும். ஆனால் நீண்ட இடைவெளியின் குறுக்கே வைத்தால் நடுவில் முறியும். எனவே கல்லால் கட்டும்போது இடைவெளியைச் சுருக்க வேண்டும். சுவர் மூலையில் ஒரு வரிசையில் நீளப்பக்கமும் அடுத்த வரிசையில் குறும்பக்கமும் வருமாறு கற்களை மாற்றி அடுக்கினால், இரு சுவர்களும் கோத்த விரல்கள்போல் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்.

கூரையில் பர்மாத் தேக்குப் பலகை ஓடுகள். சாய்வான கூரையில் மழைநீர் தேங்காது வழிந்துவிடும். குளிருக்குக் கணப்படுப்பு மூட்டினால், உயர்ந்த புகைபோக்கி புகையை மேலிழுப்பதோடு, தீப்பொறியையும் மரக்கூரையிலிருந்து விலக்கி வைக்கும். அழகென்று நான் எண்ணியவற்றுக்கெல்லாம் காரணம் இருந்தது.

புறப்படுமுன் வாப்பா மூலைக்கல்லைத் தடவிப் பார்த்தார். "கையால கொத்தின கல்லு. எவ்வளவு பொறுமை வேணும்!" என்றார்.

பாடசாலைப் படிவங்களில் 'தந்தையின் தொழில்' என்னும் இடத்தை நான் பலமுறை வெறுமையாக விட்டிருக்கிறேன். அன்று, கட்டுவித்தவரின் பெயரை மட்டும் மனனம் செய்த எனக்கு, கட்டியவர்களின் அறிவை வாசித்துக் காட்டியவர் என் வாப்பா.

இத்தவணைப் படிவத்தில் 'மேசன்' எனத் தெளிவாக எழுதினேன்.

தோழியரே, பழைய கட்டிடமொன்றைக் காணச் சென்றால், கட்டத் தெரிந்த ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள்.